பட்டாவைத் தேடிப் போகும் பணம்

2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் நடந்த விழாவில் பி.எம். கிசான் உழவர் உதவித்தொகைத் திட்டத்தின் 21ஆவது தவணையைப் பிரதமர் விடுவித்தார். நாடெங்கும் சுமார் 9 கோடிப் பேரின் வங்கிக் கணக்கில் ஆளுக்கு 2,000 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 18,000 கோடி. காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிப் பாசன வயல்களில் அது சம்பாப் பருவம். அந்தப் பயிருக்கு நாற்று விட்டவர், களை பறித்தவர், உரம் போட்டவர், அடைமழை இரவில் கலங்கலைப் பார்த்துவிட்டு வந்தவர் ஆகியோரின் கைபேசிக்கு அந்த 2,000 ரூபாய்க் குறுஞ்செய்தி வந்ததா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. பலருக்கு வரவில்லை. ஊழல்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். ஊழலும் நடந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலோருக்குப் பணம் வராமல் போனது விதிகள் மீறப்பட்டதால் அல்ல, விதிகள் அப்படி எழுதப்பட்டிருப்பதால்.

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு காஞ்சிபுரத்துக்கு மிஞ்சியவை காஞ்சிபுரம், உத்திரமேரூர், வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என்ற ஐந்து வட்டங்கள். வெளியூர்க்காரர்கள் பட்டுக்கும் கோயிலுக்கும் வந்து திரும்பிவிடுகிறார்கள். நகரைத் தாண்டினால் ஏரியும் நெல்லும்தான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டங்கள் மாறி மாறி வரும். தண்ணீர் இருக்கும் ஆண்டில் எல்லாப் பட்டமும் நடக்கும். இல்லாத ஆண்டில் கிணறு வைத்திருப்பவர் மட்டும் நவரை நடுவார். கிழக்கே போகப் போக ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பேட்டைகள். அவற்றின் நிழலில் சென்னைக்காரர்கள் வாங்கிப் போட்ட நிலங்கள். காஞ்சிக் கோயில்களின் பெயரில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நிலங்கள் வேறு. ஆக, நிலம் ஒருவர் பெயரிலும் உழவு இன்னொருவர் கையிலும் இருப்பது இங்கே அரிதான விஷயம் அல்ல.

அரசு உழவுக்குக் கொடுக்கும் பணம் ஒரே வாசல் வழியாக வருவதில்லை. உரம், மின்சாரம், நெல் விலை, கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம், ரொக்கம் என்று பல வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் என்ன காகிதம் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் விஷயம் விளங்கும்.

உரக்கடையில் கேட்பது ஆதாரும் கைரேகையும். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. உண்மையான அடக்கவிலை அதைப்போலப் பல மடங்கு. மிச்சத்தை மத்திய அரசு உர நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது. வாங்குகிறவர் நிலத்துக்குச் சொந்தக்காரரா, குத்தகைக்காரரா என்று கைரேகை இயந்திரம் கேட்பதில்லை. யூரியாவை அளவுக்கு மீறிக் கொட்டி மண்ணைக் கெடுக்கிறோம் என்ற குற்றச்சாட்டு இந்த மானியத்தின் மேல் உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனாலும் உழுகிறவர் கைக்கு முழுசாகப் போய்ச் சேருகிற மானியம் இது ஒன்றுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மின்சாரம் அப்படியல்ல. சிறு விவசாயிகளுக்கு 1984இலும் எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் தமிழ்நாட்டில் பம்புசெட்டு மின்சாரம் இலவசமானது. அதற்குப் பின்னால் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த நீண்ட போராட்டமும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த உயிர்களும் இருக்கின்றன. அந்த உரிமையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் இணைப்பு கிணற்றுக்காரர் பெயரில் இருக்கிறது. ஏரி வற்றிய பிறகும் தண்ணீர் கிடைக்கும் நிலத்துக்குக் குத்தகை கூடுதல். அரசு கட்டும் மின்கட்டணத்தின் ஒரு பகுதி இப்படிக் குத்தகையாக மாறி உழுகிறவரிடமிருந்தே வசூலாகிவிடுகிறது.

நெல் கொள்முதலில் புழங்கும் தொகை பெரியது. 2025-26ஆம் பருவத்துக்குச் சன்ன ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய். மாநில அரசு அதன்மேல் 156 ரூபாய் ஊக்கத்தொகை வைத்து 2,545 ஆக்கியது. பொது ரகத்துக்கு 2,369உடன் 131 சேர்த்து 2,500. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைதான் கணக்கு. சன்ன ரகத்தில் நூறு மூட்டை போட்டால் மாநிலத்தின் ஊக்கத்தொகை மட்டும் 6,240 ரூபாய். சுமாரான விளைச்சலில் இரண்டு ஏக்கர்க்காரருக்கு ஒரே பட்டத்தில் கிடைக்கும் இந்தத் தொகை, பி.எம். கிசான் ஓராண்டு முழுக்கத் தருவதைவிட அதிகம். ரொக்கத் திட்டங்களுக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் இந்த எளிய கணக்கு மறைந்துபோகிறது. ஆனால் நிலையத்தில் நில உடைமையைக் காட்டும் சிட்டாவும் சாகுபடியைக் காட்டும் அடங்கலும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். வாய்மொழிக் குத்தகைக்காரருக்குக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் தந்தால் வழி உண்டு. தராவிட்டால் நிலக்காரர் பெயரில் நெல்லைப் போட்டு, பணம் அவர் கணக்கில் ஏறிய பிறகு அவரிடம் போய் நிற்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் களத்துக்கே வரும் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதால், சாலையோரம் நெல்லைக் காய வைத்துக்கொண்டு, மழைக்குத் தார்ப்பாய் போட்டு, நாள்கணக்கில் காத்திருக்கக் கையில் காசும் வேண்டும்.

கடன் தள்ளுபடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2016இல் 5,780 கோடி, 2021 பிப்ரவரியில் 12,110 கோடி எனக் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடியாயின. கடன் யார் பெயரில் இருந்ததோ அவருக்குத்தான் தள்ளுபடி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கச் சிட்டா வேண்டும். கந்துவட்டிக்கு வாங்கி நட்டவரின் கடனை இந்தத் தள்ளுபடிகள் தொடவில்லை.

காப்பீட்டிலும் நிவாரணத்திலும் நிலைமை கொஞ்சம் மேல். 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கு உழவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 முதல் 2 விழுக்காடு. மீதியை அரசுகள் கட்டுகின்றன. குத்தகைக்காரரும் சேரலாம் என்று விதியே சொல்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த நான்கு மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. இந்த இரண்டிலும் சாவி அடங்கலிடம் இருக்கிறது. பட்டா நிலத்தின் உடைமையைச் சொல்லும். அடங்கல் அந்தந்தப் பசலியில், அதாவது வருவாய் ஆண்டில், எந்தப் புல எண்ணில் என்ன பயிர், யார் சாகுபடி, எவ்வளவு பரப்பு என்று சொல்ல வேண்டும். சாகுபடி செய்பவரை அரசு தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டிய ஒரே பதிவேடு அதுதான். 1980இல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்து அரசு ஊழியரை அந்த இடத்தில் அமர்த்தியபோது, இந்தப் பதிவேடு ஊர்ப் பெரியவர்களின் பிடியிலிருந்து வெளியே வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. பாதி நிறைவேறியது. நிலக்காரர் சம்மதிக்காமல் குத்தகைக்காரர் பெயரை எழுத இன்றும் பல அலுவலர்கள் தயங்குகிறார்கள்.

பி.எம். கிசான் இந்த அடங்கலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. 2019 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்து, 2018 டிசம்பர் முதல் கணக்கிட்டு, ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகக் கொடுக்கும் திட்டம் இது. முதலில் 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2019 மே மாத இறுதியில் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு ஏக்கர்க்காரருக்கும் இருபது ஏக்கர்க்காரருக்கும் ஒரே தொகை. ஏக்கர் கணக்கில் அள்ளிக் கொடுக்கவில்லை என்ற வகையில் இது நல்ல ஏற்பாடுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெக்டேர் கணக்கில் கொடுப்பதால் நேரடி மானியத்தில் சுமார் 80 விழுக்காடு 20 விழுக்காட்டுப் பண்ணைகளுக்கே போகிறது. அந்தத் தவறு இங்கே நடக்கவில்லை. ஆனால் வாசலில் காவல் நிற்பது நில ஆவணம். வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரை விலக்கியது நியாயம். அதே பட்டியலில் நிறுவனங்களுக்குச் சொந்தமான நிலமும் விலக்கப்பட்டிருக்கிறது. பிறர் நிலத்தில் பயிரிடுபவருக்கு எந்த நிலத்திலும் இடமில்லை.

காஞ்சியில் இந்த விதி எங்கே போய் முட்டுகிறது என்பதைப் பார்க்க ஒரு கோயில் நிலத்தின் சிட்டாவை எடுத்துப் பார்த்தால் போதும். மேலே மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், பட்டா எண். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் அருள்மிகு என்று தொடங்கி இறைவனின் பெயரும் தேவஸ்தானம் என்ற சொல்லும். கீழே புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, ஹெக்டேர், ஏர், தீர்வை. அவ்வளவுதான். மூன்று தலைமுறையாக அந்த நிலத்தில் குத்தகை கட்டி நெல் விளைவிக்கும் குடும்பத்துக்கு அந்தத் தாளில் ஒரு எழுத்தும் கிடையாது. சட்டத்தின் கண்ணில் தெய்வம் ஓர் உரிமையாளர். நிலப் பதிவேட்டில் பூசாரியின் பெயர் கூடாது, தெய்வத்தின் பெயர்தான் இருக்க வேண்டும் என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கோயில் சொத்தைக் காப்பாற்ற அந்தத் தீர்ப்பு அவசியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உரிமையாளர் தெய்வம் என்றால் உதவித்தொகைக்கு ஆளே இல்லை என்று ஆகிவிடுகிறது. விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் செலவழித்த மனிதர் எதிரிலேயே நிற்கிறார். தமிழ்நாட்டில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் என்று அறநிலையத்துறைக் கணக்கு சொல்கிறது. அதில் விளைநிலம் எவ்வளவோ, அவ்வளவுக்கும் இதே கதைதான்.

நிலம் இருந்தால்தான் ஊர்க் காரியத்தில் இடம் என்ற எண்ணம் இந்த மண்ணில் புதியதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதல் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், சுமார் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் நடுவில் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்ற விதியைப் படித்து நாம் பெருமைப்படுகிறோம். ஏரி வாரியம் இருந்தது, ஏரியைத் தூர்வாரிய கைகளுக்கு அதில் குரல் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிறகு வந்த மிராசு முறையில் நிலம் சில குடும்பங்களுக்கும் உழைப்பு படியாள்களுக்கும் என்று ஆனது. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் இந்தப் பகுதித் தலித் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதியதும், அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டதும், அவற்றில் பெரும்பகுதி பிற்பாடு கைமாறிப் போனதும், 1994இல் காரணையில் அந்த நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடிய இருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும் வரலாறு. நிலத்தை இழந்த அந்தக் குடும்பங்களின் இன்றைய தலைமுறைக்குப் பட்டாவைக் காட்டினால்தான் உதவி என்று அரசு சொல்கிறபோது, பழைய இழப்பு புதிய இழப்பாகத் தொடர்கிறது.

பட்டா வைத்திருப்பவர்களும் எல்லாரும் தப்பிவிடவில்லை. தாத்தா பெயரிலேயே நிற்கும் கூட்டுப் பட்டாக்கள் ஊருக்கு ஊர் உண்டு. நான்கு மகன்கள் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து ஆளுக்கு முக்கால் ஏக்கர் உழுதுகொண்டிருப்பார்கள். உட்பிரிவு செய்யவில்லை, பட்டா மாறுதல் ஆகவில்லை, அத்தைக்கும் பங்கு உண்டு என்பதால் கையெழுத்து வாங்கவில்லை. ஆதார் இணைப்பு, மின்னணு முறையில் விவரம் சரிபார்ப்பு, நில ஆவண இணைப்பு, 2025இல் உழவர்களுக்கான தனி அடையாள எண் என ஒவ்வொரு கட்டமாக இறுக்கியபோது இவர்களில் பலர் வெளியே விழுந்தார்கள். பெண்கள் நிலைமை இன்னும் மோசம். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில். நாடு முழுக்க பி.எம். கிசான் பெறுபவர்களில் அவர்கள் நான்கில் ஒரு பங்கு அளவே.

இதற்கு மறுபக்கம் 2020இல் வெளிப்பட்டது. கொரோனா காலத்தில் பயனாளிகள் தாங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று வழி திறந்ததும், அலுவலர்களின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தவறாகப் பயன்படுத்தி, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, செங்கல்பட்டு உள்ளிட்ட மாவட்டங்களில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தகுதியில்லாத பெயர்கள் சேர்க்கப்பட்டன. போன தொகை சுமார் 110 கோடி. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, தரகர்களும் ஒப்பந்த ஊழியர்களும் கைதானார்கள், வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது. கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதாரை வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன. அந்தப் பட்டியலில் நிலத்தோடு எந்த உறவும் இல்லாதவர்கள் இருந்தார்கள். நிலத்தில் தினமும் உழைத்தும் நிலம் இல்லாதவர்களும் இருந்தார்கள். விதி இருவரையும் ஒரே சொல்லால் தகுதியற்றவர் என்றது. மோசடி செய்தவர்களைத் தண்டிக்க வேண்டியது சரி. ஆனால் இனி பட்டாவை இன்னும் இறுக்கமாகப் பார்ப்போம் என்று மட்டும் பாடம் படித்தது போதாது.

வேறு வழி சாத்தியமா என்றால், காஞ்சிபுரத்திலேயே பதில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், அண்ணாவின் ஊரான இங்கேதான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000, அதாவது பி.எம். கிசானைப்போல் இருமடங்கு. அதன் தகுதியிலும் நிலம் வருகிறது. ஐந்து ஏக்கர் நஞ்சைக்கு மேலோ பத்து ஏக்கர் புஞ்சைக்கு மேலோ குடும்பத்துக்கு இருந்தால் கிடையாது. அங்கே நிலம் மேல்வரம்பு. பி.எம். கிசானில் நிலம் நுழைவுச் சீட்டு. கோயில் நிலத்தை உழும் குடும்பத்தில் மற்ற தகுதிகள் இருந்தால் மனைவிக்கு உரிமைத் தொகை வரும், கணவருக்குக் கிசான் பணம் வராது. இந்த ஒரு வேறுபாட்டை எந்த மாவட்ட ஆய்வுக் கூட்டத்திலாவது பேசினார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

நெசவிலும் சொத்தை அல்ல, ஆளைத்தான் பார்க்கிறார்கள். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 யூனிட் ஆனது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு தறியில் உட்காருபவரையும் பாவு போடுவது போன்ற துணைவேலை செய்பவரையும் ஆளாகத்தான் எண்ணியது. தறி மேடை எவர் வீட்டில் இருக்கிறது என்பதை வைத்து ஒருவர் நெசவாளியா இல்லையா என்று முடிவு செய்யவில்லை. இதே ஊரில் உழவருக்கு மட்டும் வேறு அளவுகோல்.

மற்ற மாநிலங்களும் இந்த முடிச்சில் கை வைத்திருக்கின்றன. தெலங்கானா 2018 மே மாதம் ரைத்து பந்துவைத் தொடங்கி, ஏக்கருக்குப் பட்டம் ஒன்றுக்கு 4,000 ரூபாய் என்று கொடுத்தது. நிலத்துக்கு மேல்வரம்பு இல்லை, குத்தகைக்காரருக்கு இடமில்லை. பெரிய நிலக்காரர்களுக்கு லட்சக்கணக்கில் போகிறது என்ற கண்டனம் கடைசி வரை ஓயவில்லை. 2025இல் அங்கே நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் தனித் திட்டம் வந்தது. ஒடிசாவின் காலியா திட்டம் தொடக்கத்திலேயே வாரக்காரரையும் நிலமற்றவரையும் சேர்த்துக்கொண்டது. மேற்கு வங்கத்தின் கிருஷக் பந்துவில் வர்கதார்கள் எனப்படும் பதிவுபெற்ற வாரக்காரர்களுக்கு இடம் உண்டு. அவர்களை முன்பே பதிவு செய்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. நமக்கு மிக நெருக்கமான பாடம் ஆந்திரம். 2019இல் அங்கே பயிரிடுவோர் உரிமைச் சட்டம் வந்தது. 11 மாத ஒப்பந்தம், அதன் பேரில் ஓர் அட்டை, நில உடைமைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்ற உறுதி. அந்த ஆண்டு தொடங்கிய ரைத்து பரோசாவில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற குத்தகைக்காரர்களையும் கோயில் நிலத்தில் பயிரிடுபவர்களையும் சேர்த்தார்கள். அட்டை வாங்க நிலக்காரர் கையெழுத்து தேவைப்பட்டதால் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை என்ற குறையும் அங்கே இருக்கிறது.

அந்தத் தயக்கம் இங்கேயும் உண்டு. 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாமல் தடுத்தது. 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது. குடும்பங்களைக் காப்பாற்றிய சட்டங்கள் இவை. அதே சமயம், எழுத்தில் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயத்தில் தனியார் நிலக்காரர்கள் வாய்மொழிக் குத்தகைக்கு மாறிவிட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஆளை மாற்றுகிறார்கள். தொழிற்பேட்டைப் பக்கம் வாங்கிப் போட்டவர்கள் இன்னும் ஜாக்கிரதை. பரந்தூர் விமான நிலையத்துக்குப் பதின்மூன்று கிராமங்களில் நிலம் எடுக்க 2022இல் அறிவிப்பு வந்து ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து போராடிவரும் சூழலில், நிலத்தின் மேல் யாருக்கு என்ன எழுத்து இருக்கிறது என்ற கேள்வி சுற்றுவட்டாரம் முழுக்கக் கூர்மையாகிவிட்டது. இந்த நேரத்தில் தனியார் நிலக்காரரிடம் போய்க் குத்தகைக்காரர் பெயரை எழுதிக் கொடுங்கள் என்றால் அவர் இருக்கிற ஆளையும் வெளியேற்றிவிடுவார். அந்த அபாயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

அதனால்தான் கோயில் நிலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். அங்கே பயப்பட நிலக்காரர் இல்லை. நிர்வாகம் அறநிலையத்துறையின் மேற்பார்வையில், செயல் அலுவலரின் கையில் இருக்கிறது. குத்தகைதாரர் பெயர், புல எண், பரப்பு, பசலிவாரியாகக் கட்ட வேண்டிய குத்தகை, பாக்கி எல்லாம் கோயில் கணக்கில் இருக்கின்றன. பாக்கி வசூலிக்கத் தனியே வருவாய் நீதிமன்றம் நடக்கிறது. வசூலுக்கு ஒருவரை உழவராக ஏற்கிற அரசு, உதவிக்கும் அவரை உழவராக ஏற்பதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. மத்தியத் திட்டத்தின் விதி மாறும் வரை மாநில அரசே அந்த 6,000 ரூபாயைக் கொடுக்கலாம். 2021 முதல் வேளாண்மைக்கு என்று தனி நிதிநிலை அறிக்கை போடும் மாநிலம் இது. ஆள் பட்டியலுக்கும் புதிதாக அலைய வேண்டாம். 2011இல் கொண்டுவரப்பட்ட உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளோடு குத்தகைக்காரர்களும் விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினர்கள். அட்டையும் கொடுத்திருக்கிறார்கள்.

தடை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. கோயில் கணக்கில் ஒருவர் பெயரும் வயலில் இன்னொருவர் உழைப்புமாக உள்குத்தகை நடக்கும் இடங்கள் இருக்கின்றன. செல்வாக்குள்ளவர் கோயிலுக்குச் சொற்பக் குத்தகை கட்டிவிட்டு, அதைப்போலப் பல மடங்கு வாங்கி வேறொருவருக்கு விடுவார். அந்தப் பெயருக்கே உதவித்தொகையும் போனால் அநியாயம் இரட்டிப்பாகும். ஆகவே கோயில் கணக்கையும் அந்தப் பசலி அடங்கலையும் நெல் கொள்முதல் நிலையத்தில் பணம் பெற்ற பெயரையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மூன்றிலும் ஒரே பெயர் இருந்தால் உடனே கொடுக்கலாம். இல்லாத இடத்துக்கு வட்டாட்சியர் நேரில் போய், நடவு நேரத்தில், அக்கம்பக்கத்து வயல்காரர்களை வைத்து விசாரிக்கட்டும். முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, கிராம சபையில் வாசிக்கட்டும். பி.எம். கிசான் இணையதளத்தில் கிராமவாரியாகப் பயனாளிகள் பெயரை இன்றைக்கும் யாரும் பார்க்கலாம். அமெரிக்காவில் தன்னார்வ அமைப்பு ஒன்று மாவட்டவாரியாகப் பண்ணை மானியப் பட்டியலை வெளியிட்டு, யாருக்கு எவ்வளவு போகிறது என்ற விவாதத்தையே மாற்றியது. ஒரு கிராமத்தில் யார் உண்மையாகப் பயிர் வைக்கிறார் என்பது அந்தக் கிராமத்துக்குத் தெரியும். அதை அரசு கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய நேரம் அறுவடை முடிந்த பிறகு அல்ல, நாற்றங்கால் விடும்போது.